சமைத்தால்தான் சந்தைக்கு வரும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பந்திக்கு இலை போடுகிற நேரத்தில் சமையலைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை நிறுத்தியிருக்கிறார்கள். சீக்கிரம் முடித்தால்தான் கைதட்டுவீர்கள் என்று தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் தேவதானத்துக்காரன். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற வழியில், சேத்தூருக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்து ஊர். எங்கள் பக்கம் நெல்லும் தென்னையும் மாவும். கிழக்கே போகப் போக மானாவாரிக் கரிசல். இந்த இரண்டு மண்ணின் விளைச்சலும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைகளில் வந்து சேருகிறது. இப்படி ஒரு கொடுப்பினை எல்லா ஊருக்கும் கிடையாது.

எங்கள் வீட்டில் "இன்னைக்கு என்ன சமைக்கலாம்?" என்று அம்மா கேட்டதே இல்லை. "இன்னைக்கு என்ன வந்திருக்கு?" என்றுதான் கேட்பார். சந்தைதான் சமையலைத் தீர்மானித்தது. சித்திரை வந்தால் மாங்காய். ராஜபாளையத்துச் சப்பட்டையையும் பஞ்சவர்ணத்தையும் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழத்தைத் தின்று முடித்த பிறகும் விடமாட்டார். கொட்டையைச் சாம்பாரில் போடுவார். அதைச் சப்புவதற்கு எங்களுக்குள் அடிதடி நடக்கும்.

மார்கழி, தை பிறந்தால் மொச்சையும் சிறுகிழங்கும். சிறுகிழங்கைச் சாக்குப்பையில் போட்டுத் தரையில் புரட்டி அடித்தால் மண்ணும் தோலும் கழன்றுவிடும். இந்த வேலை வீட்டுப் பையன்களுடையது. அடித்துக் கொடுத்தவனுக்குப் பொரியலில் ஒரு கரண்டி கூடக் கிடைக்கும்!

அந்தந்தக் காய்க்கு அந்தந்தக் காலம் என்று பெரியவர்கள் சொன்னது வெறும் பழக்கத்துக்காக அல்ல. நாட்டு மொச்சை, அவரை எல்லாம் பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். அதனால்தான் அவை பனிக்காலத்துக் காய்கள். இப்போது எல்லாக் காலத்திலும் காய்க்கும் ரகங்கள் வந்துவிட்டன. விவசாயிக்கு அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு. பறித்த பிறகும் காய் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தன்னிடம் உள்ள சர்க்கரையைத் தானே செலவழிக்கிறது. காலையில் பறித்ததை மத்தியானம் சமைத்தால் வருகிற ருசி, நாலு நாள் லாரியில் வந்ததில் எப்படி வரும்? நம் ஊரில் ருசியாகச் சமைப்பதற்குப் பெரிய கைப்பக்குவம்கூட வேண்டாம். உப்பும் சின்ன வெங்காயமும் தேங்காயும் இருந்தால் போதும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இங்கே இருக்கிற மாணவர்களில் எத்தனை பேருக்கு அதலைக்காய் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம். (சில கைகள் உயர்ந்தன.) பரவாயில்லை, நான் பயந்ததைவிட அதிகம்.

அதலைக்காயை யாரும் விதைப்பதில்லை. கரிசல் காட்டில் தானாக முளைக்கிற கொடி. கோடை முழுவதும் அதன் கிழங்கு மண்ணுக்குள்ளே தூங்கும். ஐப்பசி மழை விழுந்ததும் கொடி விட்டுக் காய்க்கும். பாகற்காய்க்குச் சொந்தக்காரன், விரல் நீளம்கூட இருக்காது. பறித்தால் அதிக நேரம் தாங்காது, வெடித்துவிடும். அன்றன்றைக்கே விற்று, அன்றன்றைக்கே சமைக்க வேண்டும். இரண்டு முனையையும் கிள்ளிவிட்டு, நல்லெண்ணெயில் வெங்காயத்தோடு நிதானமாக வதக்கி, கொஞ்சம் புளித்தண்ணீர், ஒரு துண்டு வெல்லம் சேர்த்து இறக்கினால் இரண்டு வாய் சோறு கூட இறங்கும். சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ருசிக்காகச் சாப்பிடுங்கள், அது போதும்.

இந்தக் காயைக் காடு காடாக அலைந்து பறித்து வந்து, சாக்கை விரித்து, கூறு கட்டி விற்பவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். வாங்க ஆள் இல்லையென்றால் அடுத்த வாரம் அவர்கள் பறிக்கப் போகமாட்டார்கள். பறிக்க ஆள் இல்லையென்றால் காட்டுக்காரருக்கு அது வெறும் களைதான். களைக்கொல்லி அடித்துவிடுவார், அல்லது ஆழ உழுதுவிடுவார். பாதி நிலம் ஏற்கெனவே பிளாட்டாகிவிட்டது. ஒரு காய் அழிவது காட்டில் தொடங்குவதில்லை நண்பர்களே, நம் வீட்டு அடுப்படியில்தான் தொடங்குகிறது. சமைக்கத் தெரிந்தவர் இல்லாமல் போனால் கேட்பவர் இல்லை. கேட்பவர் இல்லையென்றால் சந்தைக்கு வராது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமை. ஆனால் விதைக்க ஆளில்லாத அதலைக்காய்க்கு அரசாங்கச் சான்றிதழைவிட நம் சமையலறைதான் பெரிய பாதுகாப்பு.

1999 நவம்பர் 14-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். விளைவித்தவரே நேராக விற்க வேண்டும், நடுவில் தரகர் கூடாது என்பது அதன் ஏற்பாடு. பிறகு பல ஊர்களுக்கும் அது வந்தது. காலையில் போனால் விவசாயியிடமே பேசலாம். "இது எப்போ பறிச்சது? இதை எப்படிக்கா சமைக்கணும்?" என்று கேட்டுப் பாருங்கள். சமையல் குறிப்பு இலவசம், கொசுறாகக் கறிவேப்பிலையும் கிடைக்கும்.

சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஊருக்கு வரும்போது பால்கோவா டப்பாவோடு திரும்பிவிடாதீர்கள். அந்தப் பருவத்துக் காய் ஒன்றை வாங்கி, அம்மா சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை கரண்டி என்று கேட்டால் "கண் அளவுதான்" என்பார்கள். பரவாயில்லை, கண்ணால் பார்த்தால் வந்துவிடும்.

மாணவச் செல்வங்களே, இது பெண்பிள்ளைகளுக்கு மட்டும் சொல்வதில்லை. அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற பையன்களுக்கும் சேர்த்துத்தான். வருகிற மழைக்காலத்தில் ஒரு கூறு அதலைக்காய் வாங்கிச் சமையுங்கள். முதல் தடவை கசக்கும். இரண்டாம் தடவை பிடிபட்டுவிடும். சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிற அந்த அம்மா அடுத்த வாரமும் வருவார்.

இலை காத்திருக்கிறது.