கோலாரில் பழகிய லிபரேட்டர்கள்

புணே நகரின் போபோடியிலும் கட்கியிலும் குடியிருப்பவர்களுக்கு லோகேகாவ் தளத்துப் போர் விமானங்களின் இரைச்சல் பழகிப்போன ஒன்று. இன்று அங்கே சுகோய்கள் பறக்கின்றன. 1951-இல் புணேயில் லிபரேட்டர் என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் இருந்தன. இந்திய விமானப்படையின் 6-ஆம் ஸ்குவாட்ரன் அவற்றில்தான் கடல்மேல் ரோந்து போனது. அந்த ரக விமானத்துக்கு நம் மண்ணில் போர்க்காலப் பயிற்சிக்கூடம் ஒன்று இருந்தது. இருந்த இடம் கோலார்.

கோலார் என்றதும் தங்கவயலும் அங்கே உழைத்த தமிழர்களும் நினைவுக்கு வருவார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்த ஊரின் விமானத்தளத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் 1673-ஆம் கனரக மாற்றுப் பயிற்சிப் பிரிவு இயங்கியது. இரண்டு எஞ்சின் வெலிங்டன் விமானத்தில் தேர்ந்தவர்களும் லிபரேட்டருக்கு வந்தால் மறுபடி மாணவர்கள்தான். இறக்கையின் நீளமே 110 அடி. எஞ்சின் ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன். விமானி, துணை விமானி, வழிகாட்டி, வானொலிக்காரர், எஞ்சின் பொறுப்பாளர், துப்பாக்கி வீரர்கள் எனப் பலர் ஒரே குழுவாகப் பழக வேண்டும். ஒருவர் பிசகினால் எல்லோருக்கும் ஆபத்து.

1944 நவம்பரில் அந்தப் பிரிவின் ஆட்களைக் கொண்டே கோலாரில் 358-ஆம் ஸ்குவாட்ரன் உருவானது. பின்னர் அது வங்காளத்துக்குப் போய், எதிரியின் பிடியில் இருந்த நாடுகளுக்குள் இரவில் உளவாளிகளையும் பொருள்களையும் இறக்கியது. மற்ற லிபரேட்டர் ஸ்குவாட்ரன்கள் குறிவைத்தவற்றுள் சயாம் - பர்மா ரயில்பாதையும் ஒன்று. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையைப் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் பிடித்துச் சென்ற தமிழர்கள் ஆயிரமாயிரமாய் மாண்டார்கள். குண்டுகள் விழுந்தபோது பாதையோரத்தில் இருந்த போர்க்கைதிகளும் செத்தார்கள். விமானக் குழுக்களின் துணிவைப் பேசும்போது இந்தச் சாவுகளையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

போர் முடிந்ததும் பிரிட்டிஷார் தங்கள் லிபரேட்டர்களைக் கான்பூரில் சிதைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பெங்களூரு ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்காரர்கள் அங்கே சென்று, பறக்கும் அளவுக்கு அவற்றை ஒட்டவைத்தார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற விமானி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே அவை முழுமையாகச் செப்பனிடப்பட்டன; அவற்றைக் கொண்டு 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் பிறந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் கனரகக் குண்டுவீச்சுப் படை அதுதான். வேறு நாடு குப்பை என்று கழித்ததை 1968 வரை பறக்கவிட்ட அந்த மெக்கானிக்குகளுக்கு நம் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

அவற்றில் ஒன்று தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 6-ஆம் ஸ்குவாட்ரனில் பறந்த இன்னொன்று லண்டனில் இருக்கிறது. லோகேகாவிலோ கோலாரிலோ அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் நம் நேயர்களில் இருக்கலாம். வீட்டுப் பெட்டியில் பழைய படமோ வேலைச் சீட்டோ கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் சொன்னதையும் எழுதி வையுங்கள்.