சுக்கிலும் திப்பிலியிலும் பூசணம்

(பெங்களூர் நீலசந்திராவில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

"ஆயுர்வேதமும் ஆரோக்கியமும்" என்று பேசச் சொல்லி செயலாளர் அழைத்தார். அது பெரிய விஷயம், அதற்கு வைத்தியர்கள் இருக்கிறார்கள். நான் மருந்துச் சரக்கைப் பரிசோதிக்கும் கூடத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்தவன். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பூசணம்.

என் பெண்ணுக்குப் பிரசவமான சமயம் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல மழைக்காலம். நம் நீலசந்திராவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பது உங்களுக்குத் தெரியும்; மாடியில் வெயில் அரை நாள்தான். பிரசவ லேகியத்துக்காக என் அகமுடையாள் சுக்கு, மிளகு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை எல்லாம் வாங்கி வந்திருந்தாள். திப்பிலியைக் கையில் எடுத்தேன். இடுக்கில் சாம்பல் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. "இதைப் போடாதே" என்றேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நன்னா வறுத்து இடிச்சா எல்லாம் போயிடும்டா. உனக்கும் உன் தங்கைக்கும் அப்படித்தான் கிண்டினேன்" என்றாள்.

அம்மா சொன்னதில் பாதி சரி. வறுத்தால் பூசணம் செத்துப் போகும். ஆனால் அது சரக்குக்குள் விட்டுப் போகும் நஞ்சு சாகாது. வறுப்பதில் கொஞ்சம் குறையலாம், முழுக்கப் போகாது. கஷாயம் கொதிக்கிற சூடு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. வெயிலில் மறுபடி காய வைத்துத் துடைத்து வைத்தால் பார்வைக்குப் புதுச் சரக்காகத் தெரியும். ஆபத்தே அங்கேதான்.

அந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயர். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூசணம் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெயரைச் சுருக்கித்தான் நஞ்சுக்கு இந்தப் பெயர். புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்வதை 'பி' என்றும், பச்சையாக ஒளிர்வதை 'ஜி' என்றும் பிரித்தார்கள். இதில் 'பி1' தான் கொடியது. கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்று சந்தேகமற நிரூபிக்கப்பட்ட பொருள்களின் வரிசையில் இது இருக்கிறது. ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு ஆபத்து பல மடங்கு.

வான்கோழிக்குத்தானே என்று இருந்துவிட முடியவில்லை. 1974-ல் ராஜஸ்தானில் பான்ஸ்வாடா, குஜராத்தில் பஞ்சமகால் ஜில்லாக்களில், அகால மழையில் நனைந்த மக்காச்சோளத்தை ஆதிவாசி ஜனங்கள் சாப்பிட்டார்கள். வேறு சாப்பாடு கிடையாது. மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர். 397 பேருக்கு வந்தது, 106 பேர் இறந்தார்கள். அந்த வீடுகளில் மிச்சத்தைத் தின்ற நாய்களும் செத்தன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து விஞ்ஞானிகள் கிருஷ்ணமாச்சாரி, ரமேஷ் பட் முதலானோர் நேரில் போய் ஆராய்ந்து எழுதியதால்தான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது.

மருந்துச் சரக்கு மட்டும் இதற்கு விலக்கா? 1988-ல் பாகல்பூர் பல்கலைக்கழகத்தார் சாதாரண முறையில் சேமித்து வைத்த 15 மூலிகைச் சரக்குகளைச் சோதித்தார்கள். ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் 'பி1' இருந்தது. மிக அதிகம் மிளகில், கிராமுக்கு 1.2 மைக்ரோகிராம். நம் நாட்டில் உணவுப் பண்டத்துக்கு வெகுகாலம் இருந்த வரம்பு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம். நாற்பது மடங்கு! மிளகையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மிளகு ரசம் இல்லாமல் எனக்கும் முடியாது. எங்கே, எப்படி வைத்திருந்த மிளகு என்பதுதான் கேள்வி.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அம்மாவிடம் வாதாடி, அந்தத் திப்பிலியைக் குப்பையில் போட்டேன். தாய் சாப்பிடுகிற இந்த நஞ்சு உருமாறி பாலிலும் இறங்கும், குழந்தைக்குப் போகும் என்று சொன்ன பிறகே அம்மா வாயை மூடிக்கொண்டாள். (பசுவுக்கும் இதே கதைதான். 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்ததில் 368-ல் இது வரம்பு மீறியிருந்தது, தீவனம்தான் காரணம்.) அன்று ராத்திரி என் அகமுடையாள் கேட்டாள்: "ஏன்னா, நீங்க ஆபீஸ்ல வேண்டாம்னு திருப்பி அனுப்பற மூட்டையெல்லாம் அப்புறம் எங்கே போகும்?"

எனக்குத் தூக்கம் வரவில்லை. போன மாசம்தான் திப்பிலி மூட்டைகளை நிராகரித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். வியாபாரி வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார். அவர் அதைக் குழிதோண்டிப் புதைத்திருக்கமாட்டார் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். அது எங்கள் ஆத்துக்கே வந்ததா என்று சொல்ல முடியாது. யார் ஆத்துக்கோ போனது நிச்சயம். நிராகரித்த சரக்கின் மேல் சாயம் தெளித்துத்தான் திருப்பித் தர வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினேன். "நம் வேலை வேண்டாம் என்பதோடு முடிந்தது" என்று பதில் வந்தது. மூன்று தடவை எழுதினேன், அவ்வளவுதான். நான் ஓய்வு பெறும்வரை அந்த வண்டி வந்துகொண்டுதான் இருந்தது.

ஆகவே, கடைசிச் சோதனை நம் கையில்தான் நடக்கிறது. பொடியாக வாங்காதீர்கள், பொடியில் எதுவும் தெரியாது. சுக்கை ஒடித்துப் பாருங்கள், 'படக்'கென்று ஒடிய வேண்டும். குழந்தைக்கு உரை மருந்து இழைக்கிற ஜாதிக்காயை முதலில் நடுவில் வெட்டிப் பாருங்கள், உள்ளேதான் கறுப்பு ஒளிந்திருக்கும். அத்திப்பழத்தையும் பேரீச்சையையும் பிளந்து பார்க்காமல் வாயில் போடவேண்டாம். உலர்ந்த திராட்சையில் வேறொரு பூசண நஞ்சு உண்டு, ஆக்ராடாக்ஸின், அது சிறுநீரகத்தைப் பிடிக்கும். சென்னை, மாட்டுங்கா போன்ற கடலோர ஊர்க்காரர்கள் மாசத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, இறுக்கமான கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். பூத்ததைக் கிள்ளிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வது வேண்டாம். நவராத்திரிக்கு வந்த முந்திரி திராட்சைப் பெட்டியைப் பிரிக்காமல் தீபாவளிக்கு அடுத்த ஆத்துக்குத் தள்ளிவிடுகிற வழக்கம் இந்தச் சபையில் யாருக்கும் இராது என்று நம்புகிறேன். (சிரிப்பு)

பின்னால் மேஜையில் இரண்டு தட்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் நல்ல திப்பிலி, மற்றதில் பூத்தது. மூடியைத் திறக்காமல், முகராமல் பார்த்துவிட்டு, காபி சாப்பிடப் போங்கள்.