செலவைச் சுமப்பவர் யார்?
விக்டோரியா காலத்துப் பாரிஷ் ஆட்சி

விக்டோரியா அரசியார் 1837-ஆம் ஆண்டு அரியணை ஏறியபோது, இங்கிலாந்தின் நாட்டுப்புற மக்கள் அன்றாடம் கண்ட ஆட்சி பெரும்பாலும் பாரிஷ் ஆட்சியே. தேவாலயம் ஒன்றைச் சார்ந்த ஊர்ப்பகுதி பாரிஷ் எனப்பட்டது. அதன் வரி செலுத்துவோர் கூடிய சபைக்கு ‘வெஸ்டிரி’ என்று பெயர். அச்சபையில் எல்லோரும் சமமல்லர். 1818-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொத்து மதிப்புக்கேற்ப ஒருவருக்கு ஆறு வாக்குகள் வரை இருக்கலாம்.

பாரிஷின் செலவினங்களுள் தலையாயது ஏழைகளுக்கான உதவி. 1601-ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பை ஒவ்வொரு பாரிஷின் மீதும் சுமத்தியிருந்தது. 1834-ஆம் ஆண்டுச் சட்டம் பல பாரிஷ்களை ஒன்றியங்களாக இணைத்தது. வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்த காப்பாளர்கள் ஒன்றியத்தையும் அதன் பணி இல்லத்தையும் நிர்வகித்தனர். நிர்வாகம் பொதுவாயிற்று, செலவோ பொதுவாகவில்லை. உதவி பெறுபவர் எந்தப் பாரிஷுக்கு உரியவரோ, அந்தப் பாரிஷே அவருக்கான செலவை ஏற்க வேண்டியிருந்தது.

இதன் விளைவு கொடியது. நிலம் ஓரிருவர் கையில் இருந்த ‘மூடிய’ பாரிஷ்களில், தொழிலாளர் குடியேறினால் ஏழைவரி உயரும் என்று அஞ்சிப் புதிய குடிசைகள் கட்டாமல் விட்டனர். சிலர் இருந்தவற்றையும் இடித்தனர். ஐந்தாண்டு வாழ்ந்தவரை வெளியேற்றலாகாது என்ற 1846-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகளைக் காக்க எழுந்ததே. எனினும், அவர்களை முன்கூட்டியே விலக்கி வைக்க அதுவும் ஒரு காரணமாயிற்று. தொழிலாளர் அருகிலிருந்த ‘திறந்த’ பாரிஷ்களின் நெருக்கடியான வீடுகளில் தங்கி, மைல் கணக்கில் நடந்து வயலுக்குச் சென்றனர். உழைப்பின் பயன் ஓர் ஊருக்கு. நோயும் முதுமையும் தரும் செலவு மற்றோர் ஊரின் சிறு வணிகர்க்கும் கைவினைஞர்க்கும்!

இம்முறையை மாற்றியது 1865-ஆம் ஆண்டின் ஒன்றியப் பொறுப்புச் சட்டம். ஏழை உதவிச் செலவு முழுவதும் ஒன்றியத்தின் பொது நிதியைச் சேர்ந்தது. பாரிஷ்கள் தத்தம் சொத்து மதிப்பிற்கேற்பப் பங்கு செலுத்தின. நாட்டுப்புற வீட்டுவசதிக் குறை அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் ஏழையை எல்லைக்கு அப்பால் தள்ளி வரியைக் குறைக்கும் ஆதாயம் பெரிதும் அற்றுப்போயிற்று.

செலவைக் கண்காணிக்கும் முறையும் உடன் வளர்ந்தது. 1844-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ஏற்பட்ட மாவட்டத் தணிக்கையாளர்கள், முறையற்ற செலவைப் பொறுப்பானவரிடமே வசூலிக்கக் கட்டளையிடலாம். 1894-ஆம் ஆண்டுச் சட்டம் வெஸ்டிரியின் பொதுப்பணிகளைத் தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் மன்றங்களிடம் ஒப்படைத்தது. மணமான பெண்களும் அவற்றின் உறுப்பினராகலாம். ஆனால் பாரிஷ் கூட்டத்தின் இசைவின்றி, பவுனுக்கு 3 பென்னிக்கு மேல் வரி தேவைப்படும் செலவை மன்றம் மேற்கொள்ள இயலாது. அக்காலத்தில் ஒரு பவுனுக்கு 240 பென்னி. ஆகவே வரிமதிப்பு 2,000 பவுன் உள்ள பாரிஷில் இவ்வரம்புக்குள் கிடைப்பது 25 பவுன் மட்டுமே. சிக்கனம் காக்கப்பட்டது, செயலாற்றும் வலிமை குறுகியது.

உள்ளாட்சிக்கு அதிகாரம் அளிப்பது ஒன்று. அதன் செலவை எந்தப் பரப்பில், எவரிடையே பகிர்வது என்பது மற்றொன்று. இரண்டாவதில் நேர்ந்த பிழைக்கு விலை கொடுத்தவர்கள், வெஸ்டிரியில் வாக்கே இல்லாத கூலித் தொழிலாளர்கள். நிதிப் பங்கீட்டை வகுப்போர் மறக்கலாகாத பாடம் இது.