பட்டியல் வரும் வரை





க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளை உள்ள வீட்டின் நிலையை நீங்கள் அறிவீர்கள். பரீட்சை முடிந்த வாரம் அவ்வீட்டில் நிம்மதி நிலவும். அடுத்த மாதமே கேள்விகள் ஆரம்பமாகிவிடும். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒருவர் கேட்பார். கலியாண வீட்டில் மற்றொருவர் கேட்பார். "மகளுக்குக் கெம்பஸ் கிடைத்துவிட்டதா?" பெறுபேறே வெளியாகாத நேரத்தில் கேட்கப்படும் இக்கேள்விக்கு அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

இக்காத்திருப்பு குறுகியதன்று. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் ஆரம்பமானது. அதன் பெறுபேறுகள் 2023 செப்டெம்பரில் வெளியாயின. அதன் பின்னரே விண்ணப்பம். அதன் பின்னர் வெட்டுப்புள்ளி. அதற்கும் பின்னர் பதிவு. பத்தொன்பது வயதில் இது மிக நீண்ட காலம். நமது சமூகத்தில் பிள்ளைகளின் வாழ்வு பற்றிய பெரிய தீர்மானங்கள் பல இந்த இடைவெளியிலேயே எடுக்கப்படுகின்றன. மகனுக்கு வெளிநாட்டு விசா வருகிறது. மகளுக்குச் சம்பந்தம் வருகிறது. எவ்விதத் தகவலும் இல்லாத வேளையில் வரும் முதல் அழைப்பு பெரும் அதிர்ஷ்டமாகத் தோன்றும்.

எனவே இத்தெரிவு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். 2001 முதல் நமது நாட்டில் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின் அடிப்படையில் இடம்பெறுகிறது. பிள்ளை ஒரு பாடத்தில் பெற்ற புள்ளி, அப்பாடத்தை எழுதிய அனைவரதும் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதே அது. சராசரியையே பெற்றவருக்கு இசட் புள்ளி பூச்சியம். அதற்குக் கீழே பெற்றவருக்கு மறை எண். மூன்று பாடங்களினதும் சராசரி எடுக்கப்பட்டு நான்கு தசம தானங்களுக்கு எழுதப்படுகிறது. ஆகவே இலகுவான பாடத்தில் பெற்ற எழுபதும் கடினமான பாடத்தில் பெற்ற எழுபதும் ஒன்றல்ல.

கலைப் பிரிவுக் கற்கைநெறிகளுக்குப் பெரும்பாலும் அகில இலங்கைத் திறமையே கணக்கில் எடுக்கப்படுகிறது. மருத்துவம், பொறியியல் போன்றவற்றில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் சனத்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கும், 5 வீதம் மன்னார், புத்தளம், அம்பாறை முதலான 16 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே இடமுண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வெட்டுப்புள்ளி என்பது யாரோ ஒருவர் முன்கூட்டியே கீறி வைத்த கோடு அல்ல, அன்பர்களே. குறிப்பிட்ட கற்கைநெறிக்குக் கடைசியாகத் தெரிவான மாணவரின் புள்ளியே அது. அவ்வாண்டு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எதனை முதல் விருப்பாக எழுதினார்கள், எத்தனை இடங்கள் இருந்தன என்பவை முடிந்த பின்னரே அந்த எண் பிறக்கிறது. தெரிவானவர்கள் பதிவு செய்யாமல் விட்டால் அவ்வெற்றிடங்கள் பின்னர் நிரப்பப்படும். அப்போது இன்னும் சிலருக்கு வாய்ப்புக் கிடைக்கும். 2011 ஆகஸ்டில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியோரின் இசட் புள்ளிகள் ஒன்றாகச் சேர்த்துக் கணிக்கப்பட்டபோது, மாணவர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். 2012 ஜூனில் நீதிமன்றம் அக்கணிப்பை இரத்துச் செய்து, தனித்தனியே கணிக்குமாறு பணித்தது. பெறுபேற்றுத் தாளில் அச்சாகியிருந்த எண்ணே மாறியது! அப்படியிருக்க, சந்தியில் நின்று "போன வருடக் கணக்குப்படி உமக்குக் கிடைக்காது" என்று சொல்பவரின் வார்த்தையை ஏன் தீர்ப்பாகக் கொள்கிறோம்?

நான் ஆசிரியராகக் கடமையாற்றிய காலத்தில், 2003ஆம் ஆண்டளவில், என்னிடம் கலைப் பிரிவில் கற்ற ஒரு மாணவியை இன்றும் மறக்க முடியவில்லை. அவரது பெறுபேறு நல்லது. மிகச் சிறந்தது என்று சொல்ல முடியாது. பகுதிநேர வகுப்பு நடத்திய ஒருவர் முந்திய ஆண்டின் வெட்டுப்புள்ளியை வைத்துக் கணக்குப் பார்த்து, வாய்ப்பில்லை என்று வாப்பாவிடம் கூறிவிட்டார். விண்ணப்பப் படிவத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பும் காலம் அது. படிவம் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது. வாப்பா கெட்ட மனிதர் அல்லர். மகள் ஏமாந்துவிடக் கூடாது என்றே நினைத்தார். இரண்டு மாதத்தில் நல்ல இடத்தில் சம்பந்தம் பேசி முடித்தார். பின்னர் வெட்டுப்புள்ளி வெளியானபோது அது மகளின் புள்ளிக்குக் கீழே இருந்தது. விண்ணப்பிக்காதவருக்கு இடம் எங்கிருந்து வரும்? அந்த மனிதர் என் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, தேநீரைக் குடிக்காமலேயே எழுந்து போனார்.

இஸ்திகாராத் தொழுதோம், கனவு எதுவும் தென்படவில்லை என்று கூறி முடிவுத் திகதியைத் தவறவிட்ட குடும்பத்தையும் நான் கண்டிருக்கிறேன். இஸ்திகாரா கனவு காண்பதற்கான தொழுகையன்று. விசாரித்து, அறிந்தவரிடம் ஆலோசனை பெற்று, ஒரு முடிவில் இறங்கும்போது அதில் நன்மையை வேண்டி நிற்பதே அது. விண்ணப்பத்தை அனுப்பாமல் தவக்குல் வைப்பது எந்த வகையைச் சேர்ந்தது என்பதை உங்கள் மஹல்லாவின் ஆலிம் ஒருவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை கூறியது முதலாவது காத்திருப்பு. இரண்டாவது ஒன்றும் உண்டு. அதைப் பற்றி வீடுகளில் பேசப்படுவதேயில்லை.

கலை, விஞ்ஞானம் போன்ற பீடங்களுக்குள் நுழையும் மாணவர் அனைவரும் ஒரே பட்டத்துடன் வெளியேறுவதில்லை. பொதுப் பட்டம் மூன்று ஆண்டுகள். ஒனர்ஸ் என வழங்கும் சிறப்புப் பட்டம் நான்கு ஆண்டுகள். 2012இல் அறிமுகமான இலங்கைத் தகைமைகள் சட்டகம் முன்னையதை 5ஆம் மட்டத்திலும் பின்னையதை 6ஆம் மட்டத்திலும் வைத்துள்ளது. பல்கலைக்கழக விரிவுரையாளராக வர விரும்புபவரிடம் பொதுவாக எதிர்பார்க்கப்படுவது நல்ல வகுப்புச் சித்தியுடனான சிறப்புப் பட்டமே. பீடம் கிடைத்தவுடன் இச்சிறப்புக் கற்கைநெறியும் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். சில பீடங்களில் முதலாம் ஆண்டின் இறுதியிலும் சிலவற்றில் இரண்டாம் ஆண்டின் இறுதியிலும், அதுவரை பெற்ற பெறுபேற்றைப் பார்த்துத் துறைகள் மாணவரைத் தெரிவு செய்கின்றன. இடங்களும் வரையறைக்குட்பட்டவை. (பொறியியல் போன்றவற்றில் இத்தகைய பிரிப்பு இல்லை.)

நமது பிள்ளைகள் தவறிவிடும் இடம் இதுதான். இரண்டு மூன்று ஆண்டுகள் பகுதிநேர வகுப்பும் மீட்டலுமாக வாடியவர்கள், உள்ளே சென்றதும் இளைப்பாறத் தொடங்குகிறார்கள். முதலாம் ஆண்டில் சித்தியடைந்தால் போதும் என்று மூத்த மாணவர் எவராவது சொல்லியிருப்பார். அறிவித்தல் பலகையில் தெரிவுப் பட்டியல் ஒட்டப்படும் நாளில்தான் அந்த முதலாம் ஆண்டின் பெறுமதி விளங்கும். இசட் புள்ளி வரும்வரை உங்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை. பரீட்சைத் தாள் கையை விட்டுப் போய்விட்டது. சிறப்புக் கற்கைநெறிக்கான காத்திருப்போ அவ்வாறானதன்று. அதன் ஒவ்வொரு நாளும் உங்கள் கையிலேயே இருக்கிறது. முதல் வாரத்திலேயே துறைக் காரியாலயத்துக்குச் சென்று எந்தப் பாடங்களைத் தெரிவு செய்ய வேண்டும், எத்தகைய பெறுபேறு வேண்டும் என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். கேட்டவரைத் துரத்திய விரிவுரையாளரை நான் கண்டதில்லை.

பெற்றோர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. விருப்பு ஒழுங்கை எழுதும்போது, வீட்டுக்கு அருகிலுள்ள பல்கலைக்கழகத்தை மட்டும் முதலில் எழுதச் சொல்கிறோம், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் வளாகம், கிழக்கில் எத்தனையோ குடும்பங்களின் தயக்கத்தைப் போக்கியது உண்மை. ஆயினும் எல்லாப் பாடங்களிலும் சிறப்புப் பட்டம் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இல்லை. பிள்ளை விரும்பும் பாடம் பேராதனையில் இருந்தால், விடுதி பற்றி விசாரியுங்கள், ஏற்கனவே அங்கு கற்கும் பிள்ளைகளின் உம்மாமாரோடு பேசுங்கள். அதன் பின்னர் மறுப்பதாயின் மறுக்கலாம்.

நான் குறிப்பிட்ட மாணவி திருமணத்தின் பின் வீட்டிலிருந்தவாறே வெளிவாரிப் பட்டம் ஒன்றைப் பல ஆண்டுகள் எடுத்து முடித்தார், இப்போது ஆசிரியை. அண்மையில் தனது மூத்த மகளுடன் என் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் பல்கலைக்கழக அனுமதிக் கைநூல். பென்சிலால் கோடிட்ட பக்கங்கள். வெட்டுப்புள்ளி எவ்வளவு வரும் என்று அவர் கேட்கவில்லை. "சேர், மகளுக்குப் புவியியலில்தான் விருப்பம். சிறப்புப் பட்டம் எங்கெங்கே செய்யலாம்?" என்று கேட்டார். மகள் ஒரு கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டாள். இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை நாங்கள் மூவரும் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வஸ்ஸலாம்.