ஸ்டெதாஸ்கோப்போடு சட்டமன்றத்துக்கு
(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் நேரம் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாப்பாட்டு நேரம் நெருங்குவது எனக்கும் தெரிகிறது. அதனால் ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

2007ஆம் வருஷம். ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருத்துவ அலுவலர். கர்ப்பிணிகளுக்கு ஆறாயிரம் ரூபாய் உதவித்தொகை வழங்கும் விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கேட்டாள்: "ஏங்க டாக்டரம்மா, முத்துலட்சுமி ரெட்டின்னு போட்டிருக்கே, அவங்கதான் பணம் குடுக்கிறாங்களா?"

"இல்லம்மா, அவங்க அந்தக் காலத்துப் பெரிய டாக்டர்" என்றேன்.

"அப்படி என்ன பண்ணினாங்க?"

சொன்னால் நம்பமாட்டீர்கள், அதற்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை. எத்தனையோ நூறு படிவங்களில் அந்தப் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டவள் நான். வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்குத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

1886 ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அந்தக் காலத்தில் இப்படிப் பிறந்த ஒரு பெண் குழந்தை ஊர் வாயில் என்ன பாடு பட்டிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண்கள் மட்டுமே படித்த அந்த மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு இடம் கொடுத்தார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கே படித்த முதல் பெண் இவர்தான் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. 1875லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட சில பெண்கள் அங்கே சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் அதனால் இவர் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. 1912இல் பட்டம் பெற்று, எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம்.

இதோடு நின்றிருந்தாலே நல்ல வாழ்க்கைதான், இல்லீங்களா? நல்ல பிராக்டீஸ், வீடு, குழந்தைகள். ஆனால் 1926இல் சென்னை சட்ட மேலவைக்கு அவரை நியமித்தார்கள். மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு அரசியலுக்கா என்று முதலில் தயங்கத்தான் செய்தார். பிறகு ஒப்புக்கொண்டார். 1927இல் மேலவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அங்கே போய் அவர் பேசியதெல்லாம் வார்டில் பார்த்த விஷயங்கள்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். பெண்ணுக்குத் திருமண வயது 16, ஆணுக்கு 21 ஆக வேண்டும் என்று 1928இல் தீர்மானம் கொண்டுவந்தார். பெரிய போராட்டம் என்றால் அது தேவதாசி முறை ஒழிப்புதான். கோயிலுக்குப் பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டுவதை நிறுத்தக் கோரி 1927இல் தீர்மானம். 1929இல் ஒரு சட்டத் திருத்தம்: கோயில் ஊழியத்துக்காகத் தரப்பட்ட மானிய நிலம், ஊழியத்தை விட்ட பிறகும் அந்தப் பெண்களுக்கே இருக்கும். இதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். "வெளியே வா" என்று கூப்பிடுவதோடு அவர் நிற்கவில்லை. வெளியே வந்தால் சோற்றுக்கு என்ன வழி என்பதையும் யோசித்தார்.

எதிர்ப்பும் லேசானது இல்லை. பெரிய அரசியல் தலைவர்கள் எதிர்த்தார்கள். தேவதாசிப் பெண்களிலேயே பலர் எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற மகா கலைஞர்கள், தங்கள் கலைக்கும் சொத்துரிமைக்கும் என்ன கதி என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. அதையும் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமை ஆகாது.

1930இல் காந்தியடிகள் கைதானபோது இவர் பதவியை உதறிவிட்டு வந்தார். மசோதா பாதியில் நின்றது. பதினேழு வருஷம் கழித்து, 1947இல்தான் அது சட்டமானது. அதுவரை சும்மா இருந்தாரா? பொட்டுக்கட்டுக்குத் தப்பி வந்து, விடுதிகளில் இடம் கிடைக்காத பெண் பிள்ளைகளுக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம்.

இன்னொன்று. 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். நோய் இன்னதென்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. டாக்டர் அக்கா இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனையை அவர் முப்பது வருஷம் சுமந்தார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆரம்பத்தில் பன்னிரண்டே படுக்கைகள். 1968இல் அவர் மறைந்தார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை எந்த அளவுக்கு வளர்த்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

முடிக்கும் முன் என் கதை ஒன்று. பெருமைக்குரியது அல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரசவத்துக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். முகத்தைப் பார்த்தாலே பதினைந்துக்கு மேல் இருக்காது. "பத்தொன்பது வயசு" என்றார் மாமியார். அப்படியே எழுதினேன். ரத்தம் ரொம்பக் குறைவு, ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது. ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே இருந்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினேன். மறுநாள் எல்லாரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒன்றரை வருஷத்தில் அதே பெண் மறுபடியும் வந்தாள். அந்த முறை குழந்தை தங்கவில்லை.

என் மருத்துவத்தில் குறை இல்லை. ஆனால் அந்த ரிஜிஸ்டரில் நான் எழுதிய "19" என்ற எண் இருக்கிறதே, அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நமக்கெதற்கு ஊர்வம்பு என்றுதான் நினைத்தேன். முத்துலட்சுமி அம்மையார் பார்த்ததும் இதே மாதிரிப் பெண்களைத்தான். அவர் போய்ச் சட்டமன்றத்தில் பேசினார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அருமைத் தம்பி தங்கைகளே, நீங்கள் எல்லாரும் தேர்தலில் நிற்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நோயாளியின் கேஸ் ஷீட்டில் நீங்கள் எழுதும் வயசு, எடை, ஊர், ஒவ்வொன்றும் சமூகத்தைப் பற்றிய ஒரு சாட்சி. அதை உண்மையாக எழுதுங்கள். எழுதியதை, கேட்க வேண்டியவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள். நான் செய்யத் தவறியது அது.

யாராவது உங்களிடம் "முத்துலட்சுமி ரெட்டின்னா யாருங்க?" என்று கேட்டால், என்னைப்போல முழிக்காமல் பதில் சொல்லுங்கள்.