செவிவழிக் கற்கும் மொழி



மேற்கு ஆபிரிக்காவிலுள்ள நைஜீரியா நாட்டின் தென்கிழக்குப் பகுதியிலே கோடிக்கணக்கான மக்கள் பேசும் மொழி இக்போ. நாவலாசிரியர் சினுவா அச்சேபேயின் தாய்மொழியும் இதுவே. இம்மொழியைப் புதிதாகக் கற்கப் புகும் ஒருவர் எதிர்கொள்ளும் முதற் பரீட்சையைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

மொழியின் பெயரிலேயே அப்பரீட்சை தொடங்கிவிடுகிறது. நாம் 'இக்போ' என்று ககரத்தையும் பகரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கின்றோம். அம்மக்களோ இதழ்களைக் கூட்டி, அதே கணத்தில் நாவின் பின்புறத்தை மேலண்ணத்திலே பொருத்தி, இரண்டையும் ஒருங்கே விடுத்து, ஓரொலியாகவே பிறப்பிக்கின்றனர்.

இதனைப் பழகிக்கொள்ளலாம். இதனினும் அரியது குரலின் ஏற்ற இறக்கம். தமிழிலே 'கல்' என்பது நீண்டால் 'கால்' ஆகிறது. மாத்திரை மாறப் பொருளும் மாறுகிறது. இக்போவில் அவ்வேலையைச் சுருதி செய்கிறது. 'அக்வா' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஈரசையும் உயர்ந்து ஒலித்தால் அழுகை; உயர்ந்து தாழ்ந்தால் துணி; தாழ்ந்து உயர்ந்தால் முட்டை; இரண்டும் தாழ்ந்தால் கட்டில். சந்தையிலே முட்டை வாங்கச் சென்றவர் அழுகையைக் கேட்டு நின்றால் விற்பவள் நகைப்பாள். இழவு வீட்டிலே அத்தகைய தவறு நேருமாயின் நகைப்பார் இலர்.

நூலைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாமே என்பீர்கள். 1961ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட எழுத்து முறை, ரோம எழுத்துக்கள் சிலவற்றின் கீழே புள்ளியிட்டு உயிரொலிகளை வேறுபடுத்துகிறது. ஆனால், சுருதிக் குறிகளை அன்றாட அச்சிலே பெரும்பாலும் இடுவதில்லை. அம்மொழியிலே பிறந்து வளர்ந்தவர் இடம்நோக்கிப் பொருளை உணர்ந்துகொள்வர். புதியவருக்கோ ஏடு ஊமையாகிவிடுகிறது.

ஆகவே, ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய இசையோடு சேர்த்தே மனனஞ் செய்தல் வேண்டும். அம்மொழி பேசுவோர் அருகிருந்து, பாட்டுக் கற்கும் மாணவனைப் போலக் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லுதல் வேண்டும். அதற்குத் தம் தாய்மொழிச் செவியைச் சற்றே ஒதுக்கிவைக்கவும் வேண்டும். அங்கே ஒருவர் நம்மை நோக்கிக் 'கெடு' என்பது போல ஒலிக்கும் ஒரு சொல்லைக் கூறுவார். தமிழ்ச் செவிக்கு அது சாபமாகப்படும். அவர் கேட்டதோ 'நலமா?' என்பதே.

சாபமென எண்ணி முகஞ்சுளித்தவர் ஒரு நண்பரை இழப்பார். பொறுத்திருந்து கேட்டவர் ஒரு மொழியின் வாயிலைக் கடப்பார். பிறமொழி கற்பார்க்கு வாயினும் செவியே முந்துதல் வேண்டும்.