உயில் எழுதுமுன் அறிய வேண்டியவை
(இரும்பையில் கூடிய மருத்துவ ஊழிய ஆதரவாளர்கள் நடுவில் ஒரு வழக்கறிஞர் ஆற்றிய உரை)



எசேக்கியா ராஜா வியாதியாய்க் கிடந்தபோது, வீட்டுக் காரியங்களை ஒழுங்கு செய்யும்படி ஏசாயா தீர்க்கதரிசி அவரிடம் சொன்னதை நாம் அறிவோம். நம்மில் பலர் அந்த வேலையைத் தள்ளிப்போடுகிறோம். ஆரோவில் 1968இல் தொடங்கிய பின், இந்தப் பக்கத்துச் செம்மண் மேட்டுக்கும் முந்திரித் தோப்புக்கும் மதிப்பு ஏறிவிட்டது. மதிப்பு ஏறிய இடத்தில் வழக்கும் ஏறும். ஆகவே நீங்கள் கேட்டனுப்பிய கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லுகிறேன்.

“கிறிஸ்தவர் தர்மத்துக்கு உயில் எழுதினால் செல்லாதாமே?” முன்பு அப்படி ஒரு தடை இருந்தது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவின்படி, உடன்பிறந்தார் பிள்ளையோ அதைவிட நெருங்கிய உறவோ உள்ள ஒருவர், மரணத்துக்குப் பன்னிரண்டு மாதம் முன்பே தர்ம உயிலை எழுதி, ஆறு மாதத்துக்குள் அதைச் சட்டப்படி ஒப்படைத்திருக்க வேண்டும். 1736ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டம் ஒன்றின் சாயல் இது. இங்கிலாந்தே 1960இல் அதைக் கைவிட்டது. கேரளத்துப் பாதிரியார் ஜான் வள்ளமட்டம் தொடுத்த வழக்கில், 2003ஆம் ஆண்டு ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் இப்பிரிவு சமத்துவ உரிமைக்கு முரணானது என்று ரத்து செய்தது. அந்தப் பயம் இனி வேண்டாம்.

“உயில் எழுதாமல் இறந்தால்?” மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியைப் பிள்ளைகள் சமமாகப் பெறுவார்கள். மகனென்றும் மகளென்றும் பேதமில்லை. “மகளுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, நிலத்தில் என்ன பங்கு?” என்கிறோம். தகப்பனார் உயிரோடிருக்கையில் கொடுத்ததைப் பங்கில் கழிக்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை.

“சாட்சியாக யார் கையெழுத்திடலாம்?” நான் கண்ட ஒரு குடும்பத்தைச் சொல்லுகிறேன். மனைவியை இழந்த பெரியவர் ஒருவரை இளைய மகள் பல வருஷம் வைத்துப் பராமரித்தாள். அவர் வீட்டை அவளுக்கே உயில் எழுதினார். சாட்சிக்கு ஆள் தேடி அலையாமல் அவள் கணவனையே கையெழுத்திடச் சொன்னார். சாட்சிக்கோ, சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கோ எழுதிய சொத்து நம் சட்டத்தில் செல்லாது. உயில் நின்றது, அவளுக்கு எழுதிய வீடு நிற்கவில்லை. அண்ணன்மார் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டை விற்றுப் பங்கிட்டார்கள். தகப்பன் படுத்திருந்த கட்டிலை மட்டும் அவள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். ஆகவே சொத்தில் சம்பந்தமில்லாத இரண்டு பேரைச் சாட்சியாக வையுங்கள். உயில் எழுதியபின் திருமணம் செய்தால் அந்த உயில் ரத்தாகிவிடும் என்பதையும் மறவாதிருங்கள்.

“உயிலா, தான செட்டில்மெண்டா?” செட்டில்மெண்ட் பத்திரம் பதிவானதும் சொத்து கைமாறிவிடும். நினைத்தபடி திரும்பப் பெற முடியாது. உயில் நம் மரணத்துக்குப் பின்பே நடைமுறைக்கு வரும், எத்தனை முறையும் மாற்றலாம். அதற்கு முத்திரைக் கட்டணமில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்து வைப்பது நல்லது. பிள்ளைகளுக்குச் செட்டில்மெண்ட் எழுதும் முதியோர், தங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதட்டும். பிள்ளைகள் அதை மீறினால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

எதை எழுதினாலும் முதலில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பாட்டனார் பெயரிலேயே பட்டா கிடக்கும் நிலங்கள் அநேகம். வில்லங்கச் சான்றிதழும் மூலப்பத்திரமும் எடுத்து வையுங்கள். “ஆஸ்பத்திரிக்கு” என்று மட்டும் எழுதாமல், அதை நடத்தும் பதிவு பெற்ற சங்கம் அல்லது டிரஸ்ட்டின் முழுப் பெயரை எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. காணிக்கை என்று பெயர் சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை நம் ஆண்டவர் கண்டித்தார். விதவையின் கூரையை எடுத்து நமது வார்டுக்குக் கூரை போட வேண்டாம். முதலில் மனைவிக்கு இருக்க இடமும் பிள்ளைகளுக்கு நியாயமான பங்கும் எழுதுங்கள். அதன்பின் மனமுவந்து கொடுப்பது ஒரு சென்ட் நிலமானாலும் போதும். நோயாளியின் படுக்கையருகே உயில் பேச்சை நமது ஊழியர் எவரும் எடுக்கவேண்டாம். அப்படிப் பெற்ற சொத்து நீதிமன்றத்தில் சந்தேகத்தையும் ஊரில் அவப்பெயரையும் கொண்டுவரும்.

சுகமாயிருக்கும்போதே, தெளிந்த மனதோடு, வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசி எழுதுங்கள். கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.